ஒரு 'டக்' சத்தமும் மூன்று வோல்ட்டும்

சாவியைத் திருப்பினால் இஞ்சின் உறும வேண்டும். உறுமவில்லை. வண்டியின் பின்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு 'டக்'. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, ஒன்றுமே நடக்காதது போல இஞ்சின் கிளம்பிவிடும். பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன நாடகம். காலைக் குளிரில் ஒழுங்காகக் கிளம்பிய வண்டி, மூன்று மணி நேரம் ஓடி, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மக்கர் செய்யும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும்.

பட்டறையில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்டார்ட்டர் போய்விட்டது. (நம் ஊர் மெக்கானிக்குகள் 'செல்ஃப்' என்று சொல்வது இதைத்தான்.) புதிதாக ஒன்று மாட்டுவார்கள். புதியதற்குக் கொஞ்சம் தெம்பு அதிகம் என்பதால் சில மாதங்கள் ஓடும். அடுத்த கோடையில் அதே 'டக்'. பணமும் போயிற்று, நல்ல ஸ்டார்ட்டர் ஒன்று பழைய இரும்புக்கும் போயிற்று.

உண்மையில் இந்த வழக்கில் ஸ்டார்ட்டர் பல சமயம் நிரபராதி. அதற்கு வந்து சேர வேண்டிய மின்சாரம்தான் வழியில் கரைந்துவிடுகிறது. எங்கே கரைகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரும், கூட ஒரு ஆளும், கொஞ்சம் பொறுமையும் போதும். அவற்றைச் செலவழிக்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவது வைத்தியம் அல்ல; சூதாட்டம்.

வண்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் விடுபடும். ஃபோக்ஸ்வாகனின் டைப் 2 வேனுக்கு வித்திட்டது, டச்சுக்காரரான பென் பொன் 1947ல் ஒரு நோட்டுப்புத்தகத்தில் கிறுக்கிய படம். தயாரிப்பு 1950ல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி வீடாக்கியது. இரண்டாம் தலைமுறை 1967ல் வந்தது, 1979ல் மூன்றாவது. பிரேசிலில் இரண்டாம் தலைமுறையின் வாரிசு 2013 வரை ஓடியது. நமக்கும் இந்த வண்டி அந்நியமல்ல. 1960களிலும் 70களிலும் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாக டெல்லிக்கும் கோவாவுக்கும் காட்மாண்டுவுக்கும் வந்த ஹிப்பிகளில் பலர் வந்தது இதில்தான். 1979ல் ஈரான் புரட்சியும் ஆஃப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்தப் பாதையை மூடின. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. ஜெர்மனியில் 30 வயதைத் தாண்டிய வண்டிகளுக்குச் சரித்திர வாகனம் என்று தனி நம்பர் பிளேட்டே உண்டு.

இந்த மூன்று தலைமுறைக்கும் பொதுவான அம்சம், இஞ்சின் பின்னால் இருப்பது. ஸ்டார்ட்டரும் அதை ஒட்டி, கியர்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. சாவியோ முன்னால், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். இரண்டாம் தலைமுறை வேனில் பேட்டரியும் பின்னால்தான், இஞ்சின் அறைக்குள். ஆகவே கனமான மின்சாரம் போகிற தடித்த கேபிள் மிகக் குட்டை. ஆனால் 'கிளம்பு' என்ற கட்டளை பேட்டரியிலிருந்து புறப்பட்டு, வண்டியின் முன்பக்கம் வரை போய், இணைப்புகளையும் இக்னிஷன் சுவிட்ச்சையும் கடந்து, மறுபடி வண்டியின் முழு நீளத்தையும் நடந்து பின்னால் வந்து சேர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊரைச் சுற்றித் தந்தி அனுப்புகிற மாதிரி. மூன்றாம் தலைமுறையில் பேட்டரி முன் இருக்கைக்கு அடியில் போனது. அங்கே தடித்த கேபிளும் நீண்டுவிட்டது.

அந்தக் கட்டளை ஒயர் வெறும் சேதி மட்டும் கொண்டுபோனால் பிரச்னை இல்லை. அது சுமையும் தூக்குகிறது. ஸ்டார்ட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டு என்பது ஒரு காந்தச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் அது ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, சின்னப் பல்சக்கரம் நகர்ந்து ஃப்ளைவீலின் பற்களோடு கோத்துக்கொள்கிறது. இரண்டு, தடித்த செம்புத் தொடுமுனைகள் ஒன்றுசேர்ந்து, மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் பாய்கிறது. இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் சோலினாய்டுக்கு மட்டும் சுமார் 30, 40 ஆம்பியர் தேவை. அது முழுக்க அந்த நீண்ட, மெல்லிய ஒயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், போக வர 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை சுமார் 0.056 ஓம். 35 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அதிலேயே போய்விடும். இது புத்தம்புது ஒயரின் கதை. 40 ஆண்டுகளில் ஒவ்வோர் இணைப்பிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்; சுவிட்ச்சின் தொடுமுனைகள் கருகியிருக்கும். இவையெல்லாம் சேர்ந்து இன்னொரு 0.05 ஓம் என்றால் மேலும் 1.75 வோல்ட் காலி. பேட்டரியில் 12.4 இருந்தாலும் சோலினாய்டுக்குக் கிடைப்பது எட்டரைச் சொச்சம். பல சோலினாய்டுகள் 8 வோல்ட் வாக்கில்தான் தண்டை முழுமையாக இழுக்கும். ஆக, வண்டி நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது சூட்டைச் சேருங்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். இஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் அருகிலேயே இருக்கும் சோலினாய்டு 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், சுருளின் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடுகிறது. அதில் ஓடும் மின்சாரமும் இழுக்கும் பலமும் குறைகின்றன. தண்டு பாதி தூரம் நகர்ந்து நின்றுவிடும். அதுதான் அந்த 'டக்'. ஆறிய பிறகு வண்டி கிளம்புவதற்கும், எட்டாவது முறை கிளம்புவதற்கும் மர்மம் எதுவும் இல்லை. எல்லைக்கோட்டில் நிற்பவன் சில சமயம் இந்தப் பக்கம் விழுவான், சில சமயம் அந்தப் பக்கம்.

எனவே நோயைக் கண்டுபிடிப்பதென்றால் வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடுவதுதான். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. மின்சாரம் ஓடாத ஒயரில் மீட்டரை வைத்தால், ஒற்றை இழையில் தொங்குகிற ஒயர்கூட 12.6 காட்டும். குழாயை மூடி வைத்துக்கொண்டு தண்ணீர் வேகமாக வருமா என்று பார்ப்பது போன்றது அது. சுமை ஏறும்போதுதான் அளக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக் இழுத்திருக்கட்டும். இஞ்சின் கிளம்பிவிடாதபடி, கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் காயிலின் 15ஆம் முனை ஒயரைக் கழற்றிவிடலாம். கம்ப்யூட்டர் உள்ள வண்டிக்கு அதன் கையேடு சொல்கிற வழியே சரி.

15ஆம் முனை என்றதும் ஒரு விஷயம். ஜெர்மானிய மின்தர விதி ஒவ்வொரு முனைக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக வருவது 30. சாவி போட்டதும் உயிர்பெறுவது 15. ஸ்டார்ட்டருக்கான கட்டளை 50. எர்த் 31. எந்த நாட்டுப் பட்டறையிலும் இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ளவனுக்குப் பொறாமை வருகிற மொழி. இந்த நான்கு எண்களைத் தெரிந்துகொண்டால் வயரிங் படம் பயமுறுத்தாது.

முதலில் மீட்டரே தேவைப்படாத ஒரு சோதனை. வண்டிக்குள் இருக்கும் கூரை விளக்கைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். ஹெட்லைட் வேண்டாம், பல மாடல்களில் ஸ்டார்ட் நிலையில் அதுவாகவே அணைந்துவிடும், ஏமாந்துபோவீர்கள். கூரை விளக்கு அடியோடு செத்துப்போனால் சந்தேகம் பேட்டரி மீதும் அதன் கிளாம்ப்கள் மீதும். 'டக்' கேட்டும் விளக்கு பிரகாசமாகவே இருந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. கட்டளை ஒயரையோ சோலினாய்டையோ பாருங்கள். விளக்கு மங்கி, மோட்டார் முனகிக்கொண்டு சுற்றினால் பலவீனமான பேட்டரி, எர்த் கோளாறு, அல்லது தேய்ந்த மோட்டார்.

அடுத்து பேட்டரி. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைகுடம். 12.2 பாதி. 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற சோதனைகளைச் செய்வதில் அர்த்தம் இல்லை. மோட்டார் சுற்றும்போது 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று கொள்ளலாம். கேம்பர் வேனில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்பெட்டிக்கும் விளக்குகளுக்கும் என்று இரண்டாவது பேட்டரி இருக்கும். இஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நிறுத்தியதும் பிரித்துவிட ஒரு ரிலே. அந்த ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால், இரவு முழுக்க ஓடிய குளிர்பெட்டி ஸ்டார்ட்டர் பேட்டரியையும் குடித்துவிடும். இஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து, குளிர்பெட்டியையும் விளக்குகளையும் ஓடவிட்டு, இரண்டு பேட்டரிகளின் அளவையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தால் சந்தேகம் அங்கே.

மூன்றாவது, தடித்த கேபிள்களும் எர்த்தும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் தூணிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரின் 30ஆம் போல்ட்டிலும் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, ஈயத் தூணிலேயே. மோட்டார் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ அதன் முனைகளிலோ கோளாறு. அதே மாதிரி மைனஸ் தூணுக்கும் ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் இடையில் 0.3க்கு மேல் இருக்கக் கூடாது. வெறும் 'டக்' மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாதபோது எடுத்த அளவை இந்த இரண்டுக்கும் நம்ப வேண்டாம். கேபிளில் சுமையே ஏறியிருக்காது.

எர்த் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இஞ்சினும் கியர்பெட்டியும் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரம் கடத்தாது. கியர்பெட்டியையும் வண்டியின் உடம்பையும் இணைப்பது பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை மட்டுமே. சேறும் மழையும் உப்பும் முதலில் அடிப்பது அதைத்தான். அது அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த இரும்பையெல்லாம் பிடித்துக்கொண்டு திரும்பும். அவை சூடேறிக் கெட்டுப்போகும். காரணம் தெரியாமல் அந்தக் கேபிள்கள் இறுகினால் எர்த் பட்டையைப் பாருங்கள். இரண்டு முனைகளையும் கழற்றி, பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் தடவுவதற்கு ஆகும் செலவு அநேகமாக எதுவும் இல்லை.

நான்காவது சோதனைதான் கதையின் மையம். மீட்டரின் ஒரு முனை ஸ்டார்ட்டரின் 50ஆம் முனையில், இன்னொன்று ஸ்டார்ட்டரின் உடம்பில். வண்டி சூடாக இருந்து மக்கர் செய்யும் நேரமே இதற்கு உகந்தது. சாவியைத் திருப்பியதும் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் வெறும் 'டக்' என்றால், கட்டளை சரியாக வந்திருக்கிறது, ஸ்டார்ட்டர்தான் கீழ்ப்படியவில்லை. 8 அல்லது அதற்கும் கீழே என்றால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஒயரைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். பேட்டரிக்கும் சுவிட்ச்சின் 30ஆம் முனைக்கும் இடையில் எத்தனை வோல்ட் தொலைகிறது? சுவிட்ச்சின் 30க்கும் 50க்கும் இடையில் எத்தனை? அங்கே 0.2க்கு மேல் போனால் சுவிட்ச் கருகியிருக்கிறது. மாற்ற வேண்டியது அந்தச் சின்ன பாகத்தை. அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரை எத்தனை? பெரிய எண் எங்கே வருகிறதோ அங்கே குற்றவாளி.

இணைப்புகளையெல்லாம் சுத்தம் செய்தும் ஒயரின் நீளம் குறையப்போவதில்லை. அதற்கு, பல காலமாகக் கையாளப்படும் தீர்வு ஒரு ரிலே. ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் 40 ஆம்பியர் தாங்கக்கூடிய ரிலே ஒன்றைப் பொருத்தி, பழைய 50ஆம் ஒயரை அதன் 86ஆம் முனைக்குக் கொடுக்க வேண்டும். 85 எர்த்துக்கு. ஸ்டார்ட்டரின் 30ஆம் போல்ட்டிலிருந்து தடித்த குட்டை ஒயர் ஒன்று, ஃப்யூஸ் வழியாக, ரிலேயின் 30க்கு. 87லிருந்து சோலினாய்டின் 50க்கு. இனி நீண்ட ஒயர் தூக்க வேண்டிய சுமை 30 ஆம்பியருக்குப் பதிலாக கால் ஆம்பியருக்கும் குறைவு. சோலினாய்டுக்கு ஏறத்தாழ முழு வோல்ட்டும் கிடைக்கும். சூட்டில் வரும் 'டக்' பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். எச்சரிக்கை ஒன்று: ரிலே என்பது அளந்து பார்த்த பிறகு செய்ய வேண்டிய சிகிச்சை. அளக்காமல் மாட்டினால், உள்ளே உருகிக்கொண்டிருக்கும் ஒயரையோ அறுந்துகொண்டிருக்கும் எர்த் பட்டையையோ அது கொஞ்ச காலம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டர் நிஜமாகவே கெட்டுப்போவதும் உண்டு. அதற்கு வேறு அடையாளங்கள். மோட்டார் விர்ரென்று சுற்றி இஞ்சின் அசையாவிட்டால் பல்சக்கரத்தின் கிளட்ச் வழுக்குகிறது. கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. முழு வோல்ட் வந்து, பலமாக 'டக்' என்று இழுத்தும் மோட்டார் முனைக்கு மின்சாரம் போகவில்லையென்றால் சோலினாய்டின் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன. போனாலும் சுற்றாவிட்டால் கார்பன் பிரஷ்கள் தீர்ந்திருக்கும். பழைய ஃபோக்ஸ்வாகனுக்கே உரிய நுணுக்கம் ஒன்று: ஸ்டார்ட்டரின் சுழல்தண்டு, கியர்பெட்டியின் உறைக்குள் பதித்த ஒரு புஷ்ஷில்தான் சுழல்கிறது. ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றி, தேய்ந்த புஷ்ஷை அப்படியே விட்டால் புதியதும் உரசித் திணறும். புஷ் அற்பமான விலை. ஆனால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

அவசரத்துக்கு வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டார்ட்டரின் 30ஐயும் 50ஐயும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்கிற வீரர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கியரில் இருந்தால் வண்டி படுத்திருப்பவர் மேல் ஏறும். கிளட்ச்சை மிதித்தால்தான் கிளம்பும் என்ற பாதுகாப்பு இந்தப் பழைய வண்டிகளில் கிடையாது. தள்ளி ஸ்டார்ட் செய்வது இதைவிட எவ்வளவோ மேல். கைகியர் வண்டிக்கு அது செல்லும், ஆட்டோமேட்டிக்குக்குச் செல்லாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஸ்டார்ட்டரில் ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். 30ஆம் போல்ட்டுக்கு ஃப்யூஸ் இல்லை. ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டால் வெல்டிங் பொறிதான். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.

இஞ்சின் முன்னால் உள்ள வண்டிகளில் ஒயரின் தூரம் குறைவு. ஆனால் டெம்போ டிராவலரை வீடாக்கினாலும் மாருதி ஆம்னியில் படுக்கை போட்டாலும், எர்த் பட்டையும் களிம்பேறிய கிளாம்ப்பும் இரண்டாவது பேட்டரியும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படும்.

அந்த விதி எளியது. பாகம் கெட்டது என்று சொல்பவரிடம், எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். பதிலாக ஓர் எண் வந்தால் அவரை நம்பலாம். தோள் குலுக்கல் வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். கேம்பர் வேன்காரருக்கு வண்டிதான் வீடு. நடுவழியில் நின்றால் வீடே நின்றுபோகிறது. கையுறைப் பெட்டியில் ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு துண்டு உப்புத்தாள், 13ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று. புது ஸ்டார்ட்டரின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. முதலில் அவற்றை வாங்குங்கள்.